ஏ போட்டிக்குள் மான்

கொடியேறி இருபதாம் நாள்
ஒட்டுசுட்டானிலிருந்து வந்து இறங்கினான்
மச்சான் இராசகுலம்.
மோட்டார்சைக்கிளின் பின்னால் பாலைப்பழப் பெட்டி.
பழத்துக்குக் கீழே உரப்பை,
உரப்பைக்குள் தேக்கிலை,
இலைக்குள் ஒரு பின்னந்தொடை.
இடியன் வெடித்த மணம்
அவன் சேட்டில் இன்னும் இருந்தது.

நல்லூர்க் கொடி ஏறினால்
கல்வியங்காட்டில் எங்கட ஒழுங்கைக்குள்
கருவாடும் வாய் திறக்காது.
இவனுக்கு நாள் தெரியாதா?
"மானுக்குத் தெரியேல்லையே" என்றான்,
தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டான்.

"நான் தொடமாட்டன்" என்றாள் யோகமலர்.
"மச்சச் சட்டி கோடிக்குள்ள கிடக்கு.
வெட்டிறதும் நீங்கள், கழுவிறதும் நீங்கள்."
வெட்டினேன்.
நாரின் போக்கிலேயே கத்தியை விட்டு
செருப்பு வார் மொத்தத்தில்.
கல்லுப்பு, மஞ்சள், மிளகு, இடித்த செத்தல்,
தேசிக்காய் நாலு.
குசினி வாசலில் நின்று எட்டிப் பார்த்தவள்
"உப்புக் காணாது" என்றாள்,
பார்த்ததும் பாவமோ என்று
திரும்பிப் போய்க் கால் கழுவினாள்.

விடிய, எங்கே காயவிடுவது?
ஓட்டில் போட்டால் காகம்.
கொடியில் போட்டால் சனம்.
வனத்திணைக்களத்துக்குப் பயமா
ஒழுங்கைக்குப் பயமா என்று கேட்டால்
ஒழுங்கைக்குத்தான்.

மாமர நிழலில் நின்ற ஏ போட்டியை
வெயிலுக்குத் தள்ளினேன்.
கதவுக்குக் கதவு பிரேக் கம்பி இழுத்துக் கட்டி
ஸ்டியரிங்குக்கு மேலே எட்டு,
பின்சீற்றுக்கு மேலே முப்பத்தொன்று
என்று தொங்கவிட்டுக் கண்ணாடியை ஏற்றினேன்.
மத்தியானம் பார்க்க
கண்ணாடியெல்லாம் வேர்த்திருந்தது,
உள்ளே யாரோ மூச்சு விடுவதுபோல.
முக்கோணக் கண்ணாடியை ஒரு விரல் திறந்து
நுளம்புவலைத் துண்டு அடைத்தேன்.
அதற்குப் பிறகு நன்றாகவே காய்ந்தது.
சிவப்பு கறுத்தது, கறுப்பு சுருண்டது.
ஒரு இலையானும் இல்லை.

இருபத்துமூன்றாம் நாள் பின்னேரம்
படலையில் முன்வீட்டுச் சோதிநாதன்.
அம்மாவுக்கு இடுப்பு முறிந்து ஆறு மாதம்.
நாளைக்குத் தேர்.
ஓட்டோவில் குலுங்கினால் தாங்கமாட்டா,
உங்கட கார் எண்டால் மெத்தை.

"பற்றரி இறங்கிப்போச்சு" என்றேன்.
அவன் காரைப் பார்த்தான்.
கார் என்னைப் பார்த்தது.

சோறு இறங்கவில்லை.
இரவு பத்தரைக்கு ரோச்சை வாயில் கவ்விக்கொண்டு
ஒவ்வொன்றாகக் கழற்றித்
தலையணை உறைக்குள் போட்டேன்.
தேசிக்காய்க் கோதால் சீற்றைத் தேய்த்து
மஞ்சள் தண்ணி தெளித்து
சாம்பிராணி பிடித்து
நாலு கதவும் திறந்துவைத்து
காவலுக்குப் படியில் இருந்தேன்.

நாலரைக்குப் போய்க் கதவு தட்டினேன்.
"பற்றரி ஏறிற்றுது."

பிறந்ததிலிருந்து சைவமான பசுபதியம்மா
வெள்ளைச் சேலையோடு
பின்சீற்றில் சாய்ந்து இருந்தா.
பருத்தித்துறை வீதித் தடுப்பு மட்டும்
ஒரு கதை இல்லை.
கண்ணாடிக்குள் அவவின் மூக்கைத்தான்
பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

தடுப்படியில் சோதிநாதன் சக்கரநாற்காலியை விரிக்கப் போக
அவ என் கையைப் பிடித்தா.
திருநீற்றுக் கடதாசியில் சுற்றி
ஏதோ வைத்தா.
"சீற்று இடுக்குக்குள்ள கிடந்தது, தம்பி."

பிறகு, அரோகரா கேட்கத் தொடங்க,
தலையைத் திருப்பாமலே சொன்னா:
"முறியேல்லை, வளையுது.
இன்னும் ரெண்டு வெயில் வேணும்."